மெய்ப்பு சரி, அச்சிடலாம்

ஜனவரி 9

மாப்பிள்ளைக்கு,

பலமுறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. தங்கச்சியிடம் கேட்டால், "அவர் இனிமே முக்கியமான விஷயம் எதையும் போன்ல பேச மாட்டாராம்ண்ணே. எல்லாம் பதிவாயிடுதாம்" என்கிறாள். கடிதம் பதிவாகாது என்று உங்களுக்கு யார் சொன்னாரோ அவர் நன்றாக இருக்கட்டும். அவர் புண்ணியத்தில் எழுதுகிறேன்.

பாப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஒருநாள் காலையில் கண் இரண்டும் வீங்கி எழுந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். இந்த வயதில் பெண்கள் எதற்கு அழுகிறார்கள் என்று அப்பாக்கள் கேட்பதில்லை. அப்புறம் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகிறது என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். சிறுநீரகம் வடிகட்ட வேண்டியதை வடிகட்டாமல் விடுகிறதாம்.

டாக்டரம்மா நிறைய கேள்வி கேட்டார். கடைசியில், "முகத்துல என்னம்மா போடுற?" என்றார்.

"எங்க மாமா கம்பெனி கிரீம் டாக்டர். ரெண்டு வருஷமா."

"அதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்குன்னு தெரியாது. என்ன இல்லைன்னு தெரியும். லேபிளை நான்தானே அடிச்சேன்."

நம் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் பெண் இப்படித்தான் பேசுவாள். நான் சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. உங்கள் டப்பாவின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். "பாதரசம் சேர்க்கப்படாதது" என்று படித்தார். கேட்காத ஒன்றை எதற்குச் சொல்கிறார்கள் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அந்தக் கேள்வியை உங்களுக்கு அனுப்புகிறேன். டப்பாவில் என்ன இருக்கிறது? தொழில் ரகசியமாக இருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். டாக்டரம்மாவுக்குச் சொன்னால் போதும். அவர் கிரீம் கம்பெனி ஆரம்பிக்கப் போவதில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்
மச்சான்

ஜனவரி 14

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி கேட்டு எங்கள் வீடே கலங்கிவிட்டது. நான் வெளியூரில் இருந்ததால் திரும்பி வந்து கலங்கினேன்.

மச்சான், நீங்கள் படித்தவர். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலை முதல் இரவு வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு முகம் வீங்காமல் என்ன செய்யும்? தண்ணீர் குடிக்கிறாளா? உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். டாக்டர்களுக்கு வியாதி தெரியாதபோது கிரீமைக் கேட்பது இப்போது ஒரு பேஷன். நம் தயாரிப்பு முழுக்க முழுக்க இயற்கையின் கொடை. இதைப் பூசிக்கொண்டு கல்யாணம் ஆகிப் போன பெண்கள் எனக்கு எழுதிய நன்றிக் கடிதங்களை ஒரு அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. மார்ச் மாத மகளிர் பொருட்காட்சியில் நமக்குப் பெரிய கடை ஒதுக்கியிருக்கிறார்கள். திறப்பு விழாவில் "பெண்களின் பாதுகாப்பு" என்ற தலைப்பில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். புது டப்பா, புது லேபிள். வழக்கம்போல் நீங்கள்தான் அடிக்க வேண்டும். லேபிளில் அந்தப் பெண்ணின் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்? எது சரியோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாப்பாவுக்கு என் அன்பளிப்பாக ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். இது புது வகை. பழையதைவிட வேகமாக வேலை செய்யும்.

உங்கள் அன்பை என்றும் மறவாத
மாப்பிள்ளை

ஜனவரி 25

மாப்பிள்ளைக்கு,

பெட்டி வந்தது. நேராக டாக்டரம்மாவின் மேசைக்குப் போயிற்று. உங்கள் அன்பளிப்பை இவ்வளவு ஆவலாக யாரும் திறந்து நான் பார்த்ததில்லை.

பாப்பாவின் சிறுநீரைச் சோதித்தார்கள். பாதரசம் இருக்கிறது. இருக்க வேண்டிய அளவு என்று ஒன்று கிடையாது என்றாலும், அதற்கு மேலே எவ்வளவோ இருக்கிறது. டாக்டரம்மா எனக்குப் பொறுமையாக விளக்கினார். முகத்துக்கு நிறம் கொடுக்கும் பொருளை உடம்பு உண்டாக்கவிடாமல் பாதரசம் தடுக்கிறது. அதனால் முகம் வெளுக்கிறது. வேலை முடிந்ததும் அது கிளம்பிப் போவதில்லை. தோல் வழியாக உள்ளே இறங்கி, சிறுநீரகத்தில் போய்க் குடியேறிவிடுகிறது. பூசியவளோடு நிற்பதுமில்லை. துண்டு, தலையணை வழியாக வீட்டில் இருக்கிற குழந்தைக்கும் போகும். இதனால்தான் முகப்பூச்சில் இதைச் சேர்க்கக் கூடாது என்று எத்தனையோ நாடுகளில் எப்போதோ தடை போட்டுவிட்டார்கள். இங்கேயும்தான்.

இயற்கையின் கொடை என்று எழுதியிருந்தீர்கள். உண்மை. பாதரசம் இயற்கையில்தான் கிடைக்கிறது. பாம்பும் அங்கேதான் இருக்கிறது.

இதுவரைக்கும் உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நினைத்துக்கொள்ள நான் தயாராக இருந்தேன். நேற்று தங்கச்சி பார்க்க வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை நடுங்குகிறது; அதுவும் இதனால்தானாம். பாப்பா பயந்துபோய், "அத்தை, நீங்களும் உடனே நிறுத்திடுங்க" என்றாள்.

"நான் எங்கடி போட்டேன்? எனக்கு அது வேணாம்னு கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டார். கடையில வேற வாங்கித் தருவார்."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆக, மனைவிக்குக் கூடாதது மருமகளுக்கு ஆகும். இந்தக் கணக்கை நான் புரிந்துகொள்ள முயல்கிறேன்.

கடைகளில் இருக்கும் டப்பாக்களைத் திரும்ப எடுங்கள். எவ்வளவு சேர்த்தீர்கள் என்று டாக்டரம்மாவுக்கு எழுதுங்கள். செய்தால், நான் இன்னும் உங்கள் மச்சான். செய்யாவிட்டாலும் மச்சான்தான், ஆனால் வேறு மாதிரி.

பிப்ரவரி 1

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து வேதனைப்பட்டேன். நான் எதையும் எழுத்தில் ஒப்புக்கொள்ளவில்லை என்பதை முதலில் எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

நீங்கள் அச்சுத் தொழில் செய்பவர். புத்தகத்தில் போட்டதெல்லாம் உண்மை என்று நம்புவது உங்களுக்குத் தொழில் தர்மம். நான் சந்தையில் இருப்பவன். ஒரு பெண் கிரீம் வாங்குகிறாள். ஒரு வாரத்தில் கண்ணாடியைப் பார்க்கிறாள். ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்த வாரம் வேறு கம்பெனிக்குப் போய்விடுவாள். எல்லாரும் செய்வதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். நீங்கள் விஷம் என்பதை அவர்கள் "பலன்" என்கிறார்கள். ஆயிரம் பேருக்கு ஒத்துக்கொள்வது ஒருத்திக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் குறை கிரீமிலா, உடம்பிலா?

வீட்டில் பேசுவதையெல்லாம் வெளியே போய் அவிழ்க்கும் பழக்கம் உங்கள் தங்கைக்கு வந்திருக்கிறது. இனி அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் வர மாட்டாள். அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள் என்பதை எழுதும்போது நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பொருட்காட்சிக்கு நாள் நெருங்குகிறது. லேபிள் என்ன ஆயிற்று? உங்களால் முடியாது என்றால் சொல்லிவிடுங்கள். ஊரில் அச்சகத்துக்குப் பஞ்சமில்லை. உங்கள் தங்கச்சி அண்ணன் வீட்டுக்கு வந்துபோவதா வேண்டாமா என்பதையும் அப்போது சேர்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

மாப்பிள்ளை

பிப்ரவரி 12

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். நீங்கள் எழுதியதை நிதானமாக யோசித்தேன். சந்தையை எனக்குத் தெரியாது என்பது சரிதான். லேபிளை நாங்களே அடிக்கிறோம்.

பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். பாதரசத்தை வெளியே இழுக்கும் மருந்து கொடுக்கிறார்கள். முகத்தில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. சிறுநீரகம் பழைய நிலைக்கு வருமா என்று கேட்டால் டாக்டரம்மா, "பார்ப்போம்" என்கிறார். அந்தச் சொல்லை இவ்வளவு வெறுப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

நேற்று அச்சகத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா லேபிளை நானே அடிக்கிறேன்பா."

"கை நடுங்குதேம்மா."

"மெதுவா அடிக்கிறேன். யாரும் துரத்தலையே."

ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அடித்தாள். நான் மையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மெய்ப்பு இத்துடன் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் இதை புரூஃப் என்பார்கள். நான் மெய்ப்பு என்றுதான் சொல்வேன். மெய்யா என்று பார்ப்பதற்கான தாளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தரும் வரை அது அச்சகத்தின் வாசகம். கையெழுத்துப் போட்டபின் அது உங்கள் வாசகம்.

தயவுசெய்து ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். சின்ன எழுத்தையும் படியுங்கள். சின்ன எழுத்தை முதலில் படியுங்கள். தவறு இருந்தால் சிவப்பு மையில் சுழித்து அனுப்புங்கள். திருத்தித் தருகிறோம்.

தங்கள் உண்மையுள்ள
மச்சான்

பிப்ரவரி 15

அன்பு மச்சான்,

மெய்ப்பு சரி, அச்சிடலாம்.

பெண்ணின் கன்னம் இன்னும் ஒரு பங்கு வெளுப்பாக வரட்டும். ஓரத்தில் தங்க நிறக் கோடு மெலிதாக இருக்கிறது, தடிமனாக்குங்கள். என் பெயருக்கு முன்னால் "திரு" விட்டுப்போயிருக்கிறது. மற்றபடி அருமை.

நீங்கள் வழிக்கு வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் தங்கச்சியிடமும் சொன்னேன், "உங்க அண்ணன் புத்திசாலி, கொஞ்சம் பொருமுவார், அப்புறம் அடங்கிடுவார்" என்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷம்தான்.

மாப்பிள்ளை

மார்ச் 6

அச்சக உரிமையாளருக்கு,

நீர் மனிதரா?

பொருட்காட்சி தொடங்கிய அன்றே ஆயிரக்கணக்கில் டப்பா அடுக்கிவைத்திருந்தேன். மேடையில் பேசிவிட்டு, மாலையும் கழுத்துமாகக் கடைக்கு வருகிறேன். கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி படிக்கிறாள்: "பாதரசம் சேர்க்கப்பட்டது."

அதைவிட மோசம் அப்புறம் நடந்ததுதான். பக்கத்தில் இருந்தவள், "பாதாம் சேர்க்கிற மாதிரி இதையும் சேர்க்கிறாங்க போல" என்றாள். இன்னொருத்தி, "கண்ணாடிக்கே அதைத்தானே பூசுவாங்க, முகம் எப்படிப் பளபளக்கும் பாரு" என்று இரண்டாக வாங்கினாள். மத்தியானத்துக்குள் வேறு எந்த வருஷமும் விற்காத அளவு விற்றது. நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா, "போன தடவை சேர்க்காம ஏமாத்திட்டீங்களா?" என்று சண்டைக்கு வந்தாள்.

சாயங்காலம் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்தார். படித்தார். எல்லா டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தொழிற்சாலையில் கலவை அறைக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். ஊரெல்லாம் கடைகளில் இருந்ததையும் வாரிக்கொண்டு போகிறார்கள்.

இது அப்பட்டமான அச்சுப்பிழை. "சேர்க்கப்படாதது" என்றிருக்க வேண்டியதைக் கெடுத்துவிட்டீர். பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, "அது எங்கள் பிழை" என்று பத்திரிகையில் போட வேண்டும். இல்லாவிட்டால் மான நஷ்ட வழக்குத் தொடுப்பேன்.

மார்ச் 10

மாப்பிள்ளைக்கு,

கோபம் நியாயமானது. அச்சுப்பிழை என்றால் எந்த அச்சகமும் வெட்கப்பட வேண்டும். அதனால் பிழைதானா என்று முதலில் பார்ப்போம்.

"படாதது", "பட்டது". இரண்டிலும் நான்கு எழுத்துதான். வரி நீளவில்லை, தங்கக் கோடு நகரவில்லை, பெண்ணின் கன்னத்தில் இடிக்கவில்லை. தமிழ் இவ்வளவு சிக்கனமாக உண்மையையும் பொய்யையும் பக்கத்தில் பக்கத்தில் குடிவைத்திருக்கிறது. மெய்ப்பை அனுப்பினேன். படியுங்கள் என்று கெஞ்சினேன். உங்கள் பெயருக்கு முன்னால் "திரு" இல்லாததைக் கண்டுபிடித்த கண்ணுக்கு இது படவில்லை.

அச்சில் இருப்பது ஒன்று, நிஜத்தில் இருப்பது வேறு என்றால் அது பிழை. எனவே, டப்பாவில் பாதரசம் இல்லை என்று அரசாங்கப் பரிசோதனைக்கூடத்தில் ஒரு சான்றிதழ் வாங்கிவாருங்கள். வாங்கிய அன்றே நான் மன்னிப்பைப் பெரிய எழுத்தில் அடித்து அச்சகக் கதவில் ஒட்டுகிறேன், உங்கள் தொழிற்சாலைக் கதவிலும் ஒட்டுகிறேன். சான்றிதழ் வேறு மாதிரி வந்தால், இந்த லேபிள் சரி, இத்தனை வருஷமாக நாம் அடித்ததெல்லாம்தான் பிழை. அவற்றுக்கும் மன்னிப்பு அடித்துத் தருகிறேன். அதில் உங்கள் பெயருக்கு முன்னால் "திரு" மறக்காமல் இருக்கும்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஜனவரியிலேயே அந்த அதிகாரியிடம் புகார் கொடுக்கப் போனேன். டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "அதான் சேர்க்கலைன்னு தெளிவாப் போட்டிருக்கே சார்."

"அதை அடிச்சதே நான்தான் சார்."

"நல்லா அடிச்சிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

லேபிளை நம்புகிற அலுவலகத்துக்கு லேபிளில்தான் புகார் எழுத முடியும் என்று அன்றைக்குப் புரிந்தது.

மச்சான்

மார்ச் 21

மச்சான்,

வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். சான்றிதழ் பேச்சை விடுங்கள். அது வேண்டாம்.

நான் கெட்டுப்போனேன். கடைக்காரர்கள் என்னைத் தெரியாதவன் மாதிரி நடக்கிறார்கள். உங்கள் தங்கச்சி இரண்டு பெட்டியோடு உங்கள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள். போகும்போது, "ஏன் போறேன்னு கேக்க மாட்டீங்களா?" என்றாள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

வக்கீல் ஒரே ஒரு வழி இருக்கிறது என்கிறார். "சேர்க்கப்பட்டது" என்று நானே அறிவித்த மாதிரி இருப்பதுதான் ஆபத்தாம். தெரிந்தே சேர்த்தேன் என்று ஆகிவிடுமாம். அது அச்சகத்தின் தவறு என்று ஆகிவிட்டால், சரக்கு கொடுத்தவன் ஏமாற்றினான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ளலாம். அபராதத்தோடு போய்விடும்.

நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்: "என் மகளுக்கு உடல்நலமில்லை. கை நடுங்கியதால் தவறுதலாக அப்படி அச்சாகிவிட்டது." இதில் பொய் ஒன்றுமில்லையே மச்சான். கை நடுங்குவது நிஜம்தானே? உங்கள் அச்சகத்துக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. யார் மீதும் வழக்கு வராது. பாப்பா என் மடியில் வளர்ந்தவள். அவளிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை

மார்ச் 27

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் கேட்டதை எழுதினேன். ஓர் எழுத்தும் மாற்றாமல், நீங்கள் சொன்னபடியே.

இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். "கை நடுங்கியதால்" என்று ஒரு வரி உள்ளே போனால், ஏன் நடுங்கியது என்று அதிகாரி கேட்டே ஆக வேண்டும். கேட்டால் ஆஸ்பத்திரி அறிக்கை வரும். அறிக்கையில் உங்கள் டப்பா இருக்கிறது. உங்களைக் காப்பாற்ற நீங்களே கேட்டு வாங்கிய தாள் உங்களை மூழ்கடிக்கும். என் அச்சகமோ தப்பித்துவிடும். எழுதும்போது எனக்கு நெடுநாளைக்கு அப்புறம் நன்றாகப் பசித்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் அச்சகத்தில் எந்தத் தாளும் பாப்பா மெய்ப்புப் பார்க்காமல் வெளியே போகாது. அவளிடம் கொடுத்தேன். படித்தாள்.

"இது யாரு கைப்பா?"

"உன் கைதாம்மா."

"என் முகத்தை மாமா உபயோகிச்சாச்சு. இப்ப கையை நீங்க உபயோகிக்கிறீங்களா?"

தங்கச்சி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டாள். நான் சட்ட நுணுக்கமெல்லாம் விளக்கினேன். உங்களுக்கு எப்படி இடி விழும் என்று ஆசையோடு சொன்னேன். பாப்பா முழுவதையும் கேட்டாள்.

"நல்ல திட்டம்தான். ஆனா நான் தப்பா அடிக்கலையே. எவ்ளோ நேரம் உக்காந்து அடிச்சேன் தெரியுமா? நடுங்கினது கை. எழுத்து இல்ல."

அது எனக்குத் தெரியும். அன்று அந்த வரியை அவள் என்னைக் கேட்காமல்தான் அடித்தாள். மெய்ப்பில் பார்த்தேன். திருத்தாமல் உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். அதைப் பற்றி நாங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதே இல்லை.

சிவப்புப் பேனாவை எடுத்தாள். "கை நடுங்கியதால் தவறுதலாக" என்பதைக் கோடு போட்டு நீக்கினாள். மேலே "தெரிந்தே" என்று எழுதினாள். எழுத்து கோணலும் மாணலுமாகத்தான் இருந்தது; படிக்க முடிந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள்.

இன்று காலை மூவரும் அதிகாரியைப் பார்க்கப் போனோம். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஜனவரியில் என்னிடம் பேசிய மனிதரா இவர் என்று இருந்தது.

"இப்படி எழுதிக் கொடுத்தா உங்க அச்சகத்து மேலயும் வழக்கு வரும்மா. தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதைத்தானே எழுதியிருக்கேன்."

அவர் எங்கள் தாளைக் கோப்பில் வைத்தார். பிறகு தங்கச்சியைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்றார். அவள் உங்கள் மனைவி என்று சொன்னாள். முக்காடு போட்டிருந்த புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதிகாரி புதிதாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நாங்கள் இருவரும் வெளியே வந்து பெஞ்சில் காத்திருந்தோம். அவள் பேசி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

மச்சான்